வெற்றிலை கொடுத்த செயலாளர்

பதுளையில் முதன்முதலாக நடந்த குறுநாடகப் போட்டிக்குச் செயலாளராக இருக்கும்படி என்னை யாரும் கேட்கவில்லை. நானே எழுந்து நின்று கேட்டு வாங்கினேன். போட்டிக் கமிட்டிக் கூட்டத்திலிருந்த மற்ற கடைக்காரர்கள் அத்தனை வேகமாகக் கை தட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு புத்தகம் படித்தவனுக்குச் சந்தேகம் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

பதுளைக்கு ரயில் வந்த புதிது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தெல்லாம் கூத்துக்காரர்களை வரவழைப்பது திட்டம். ஒன்பது விதிகள் எழுதி அச்சடித்து அனுப்பினேன். நாடகம் அரைமணிக்கு மேல் போகக்கூடாது. கதையை எழுதி என் துணிக்கடைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். வருவதில் நான்கைத்தான் தேர்ந்தெடுப்போம்.

ஒரு காகிதமும் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் கூட்டமாக, மத்தளத்தோடு.

"கதையை எழுதிக் கொண்டு வரலையா?" என்று பெரகலைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்த கூத்து வாத்தியாரைக் கேட்டேன்.

"மறந்து போறவன்தானேங்க மொதலாளி எழுதி வைக்கணும்" என்றார்.

துணிக்கட்டுகளுக்கு நடுவே ஆடியே காட்டினார்கள். இந்த வாத்தியாரின் ராஜா சபைக்கு வந்து உட்காரவே முக்கால் மணி பிடித்தது. நான் நோட்டில் விவரம் குறித்துக்கொண்டு, கடைக்கு வருகிற எவருக்கும் செய்வதைப்போல் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து அனுப்பினேன். இப்படிப் பதினோரு கூட்டங்கள்.

பிறகு நான்கைத் தேர்ந்தெடுத்து, மற்ற ஏழுக்கும் வருத்தக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தின் நடைக்காக இரண்டு நாள் உழைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் பெரகலை வாத்தியார் கடிதமும் கையுமாக வந்து நின்றார். கூடவே ராணி வேஷக்காரர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

"வெத்தல பாக்கு குடுத்தீங்களே மொதலாளி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூத்துக்காரன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்தால் ஆட்டம் பேசி முடித்தாயிற்று என்று பொருள். கொடுத்தவன் பின்வாங்க முடியாது. இது எனக்குத் தெரியாததா? என் மகள் கல்யாணத்தையே வெற்றிலை மாற்றித்தான் முடித்தேன்.

"அது சும்மா மரியாதைக்குக் கொடுத்தது, வாத்தியாரே. விதியில் தெளிவாக எழுதியிருக்கிறேனே!"

"காகிதத்தத் தபால்காரன் குடுத்தான். வெத்தலய நீங்க ஒங்க கையாலே குடுத்தீங்க. எதுங்க பெருசு?"

நான் ஒன்பது விதிகளையும் மேலிருந்து கீழாக இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

"பதினாலு பேருக்கும் போட்டிக்கு மறுநாள் திங்கக்கெழம லீவு கேட்டு, பெரிய கங்காணி தொரை முன்னால கையக் கட்டி நின்னாருங்க. இவன் மீசையவே எடுத்துட்டான். ஆடாமப் போனா, காலையில பெரட்டுக்கு ஆள் நிறுத்துற எடத்துல நாங்க எப்படி மொகத்தக் காட்டுறது?"

ராணி துண்டை இறக்கிக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை.

"சரி, ஆடுங்க" என்றேன். ஒருவருக்குச் சொன்னால் ஏழு பேருக்கும் சொல்லத்தானே வேண்டும்?

போட்டி நாளன்று காலையில் தொடங்கிப் பதினோரு கூட்டமும் ஆடின. மதியத்துக்குள் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோனார்கள். கடைசியாக வந்த பெரகலைக்காரர்கள் அரைமணியைத் தாண்டியதும் நான் மேடையோரம் போய்க் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். வாத்தியார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அதே பாட்டைத் திரும்பவும் பாடினார். நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பாடினார்.

அடுத்த மாதம் ராணி வேஷக்காரர் வேட்டி வாங்க வந்தார். மீசை பாதி வளர்ந்திருந்தது.

"தோட்டத்துல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ரொம்பச் சந்தோசங்க. எங்கள விட ஒங்களப் பத்தித்தான் பேச்சு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கடியாரத்தோட வந்து வந்து போன அந்தக் கோமாளிய எங்கருந்துடா புடிச்சீங்க, அடுத்த மாசித் திருநாளுக்கும் கூட்டியாங்கன்னு சொல்றாங்க மொதலாளி."