காலி வீதியில் பதினைந்து நிமிடங்கள்

அம்மா பிறந்தது சுன்னாகத்தில். வாகனம் ஓட்டப் பழகியது வெள்ளவத்தையில், முப்பத்தாறாவது வயதில். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி மாமா கேட்டார். பிறப்பு, படிப்பு, திருமணம் எல்லாவற்றையும் மாமாவே முதற் பக்கத்தில் ஒழுங்காக எழுதியிருக்கிறார். நான் ஒரேயொரு காலைநேரத்தை எழுதுகிறேன். எனக்கு அம்மா முழுதாகத் தெரிவது அதற்குள்தான்.

அப்பா தில்லைநாதன் 1991இல் மாரடைப்பால் காலமானார். அவர் விட்டுப்போனது ஒரு வெள்ளை ஹையேஸ் வேனையும், அதில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்வந்த பதினான்கு பிள்ளைகளையும், பன்னிரண்டு வயதில் என்னையும். சாரதி ஒருவரை வைக்கும்படி உறவினர்கள் சொன்னார்கள். அம்மா நான்கு மாதத்தில் லைசென்ஸ் எடுத்து, தானே ஏறி உட்கார்ந்தார்.

அம்மா மிகவும் வேகமாக ஓட்டினார். நினைவு மலர் என்பதற்காக இதைக் குறைத்து எழுத முடியாது. பஸ்ஸை இடது பக்கத்தால் முந்துவார். மஞ்சள் விளக்கு எரிந்தால் இன்னும் அழுத்துவார். பிள்ளைகள் வேனுக்கு ‘பிளேன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பின் ஒழுங்கையில் இருந்த ஹபீலா மாமி, தன் மகள் பஹ்மியாவை ஏற்றிவிட வரும்போதெல்லாம் முறையிடுவார்.

“நாகேஸ்வரி, புள்ள வந்து சொல்றா, வேன் பறக்குதாம்.”

“பறந்தா நல்லதுதானே. ரயர் தேயாது.”

“அல்லாஹ்வே, உங்களோட கதைக்க ஏலா.”

ஆனால் பஹ்மியாவை அவர் வேறு வேனுக்கு மாற்றவில்லை. ஏழு வருடத்தில் பிள்ளைகள் ஒருநாளும் பிந்தியதில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் பட்ட பயம்தான் அம்மாவை இப்படி ஓடவைக்கிறது என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“விசர்க் கதை. எனக்கு வேகம் பிடிக்கும். அவ்வளவுதான்,” என்றார்.

வேகத்தை அவர் விட்டுக்கொடுத்த இடம் ஒன்றே ஒன்று: இராணுவச் சோதனைச் சாவடி. மணல்மூட்டை கண்ணில் பட்டதும் இரண்டாம் கியர். உள்விளக்கு எரியும். கண்ணாடிகள் இறங்கும். “காட்டைக் கையில எடு,” என்று அடையாள அட்டையை எடுக்கச் சொல்வார். தேடித் தடவுவதால் வீணாகும் நேரம் அவருக்குப் பிடிக்காது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் கேள்வி வரும். அட்டையே இல்லாவிட்டால் கேள்வி கேட்கமாட்டார்கள், பொலிஸ் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அந்த வருடங்களில் கொழும்பில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1998 ஓகஸ்ட். என்னுடைய உயர்தரப் பரீட்சை. முதற் பாடம் கணிதம், கொட்டாஞ்சேனையில், எட்டரைக்கு.

முதல்நாள் மாலை அம்மா என் பேனைகளையும் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும், கொழும்பில் தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து, எங்கள் பிள்ளையார் கோயிலில் கொடுத்தார். ஓர் இரவு சுவாமியின் காலடியில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பரீட்சைக்காலத்தில் வெள்ளவத்தையில் பாதி வீடுகள் அப்படித்தான் செய்தன. காலையில் போய் எடுத்துவந்தவரும் அவர்தான். பூவையும் வெற்றிலையையும் ஒதுக்கி, கைக்கு அகப்பட்டதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்.

என் சிநேகிதிகள் ஆறரைக்கே புறப்பட்டார்கள். பள்ளி விடுமுறை என்பதால் வேனில் நாங்கள் இருவர்தான்; புறப்பட்டது ஏழரைக்கு. அம்மாவின் கணக்கு அப்படி.

கொள்ளுப்பிட்டிச் சாவடி தெரிந்ததும் வேன் வேகம் குறைந்தது.

“காட்டை எடு, பிள்ளை.”

உறைக்குள் பேனைகள் மூன்று. அனுமதி அட்டை. பொலிஸ் பதிவுத் துண்டு. இவ்வளவுதான்.

“அம்மா, அடையாள அட்டை இல்லை.”

“வடிவாப் பார்.”

“இல்லையம்மா!”

அவர் உறையை எட்டிப் பார்த்தார். பிறகு, “பூவுக்குள்ள போயிட்டுது,” என்றார்.

“திருப்புங்கோ! கெதியாத் திருப்புங்கோ!”

“வாயை மூடு. அவங்கட கண்ணுக்கு முன்னால திருப்பினா சுடுவாங்கள்.”

மணல்மூட்டை நூறு மீற்றரில் இருந்தது. என் வாழ்நாளில் அம்மா அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. நேரே போய், காவலில் நின்ற கோர்ப்பரலின் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். அந்தக் கோர்ப்பரலுக்கு எங்கள் வேனைத் தெரியும். “அக்கே, ஹெமின்,” மெதுவாகப் போங்கள் என்று தினமும் ஏசுகிறவர்.

அம்மா அவரிடம் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னார். பிள்ளைக்குப் பரீட்சை. அட்டை கோயிலில் சுவாமியிடம் மாட்டிக்கொண்டது. பிழை என்னுடையது.

கோர்ப்பரல் அனுமதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீங்கள் போய் எடுத்து வாருங்கள். மகள் இங்கே இருக்கவேண்டும். எட்டுக்கு ஜீப் வரும். வந்தால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது,” என்றார்.

அப்போது ஏழு நாற்பத்திரண்டு. ஜீப் வந்தால் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குப் போனால் பரீட்சை இல்லை. அம்மா என் கன்னத்தை ஒருமுறை தொட்டார். வேனைத் திருப்பி, சாவடியின் எல்லை தாண்டும்வரை ஊர்ந்து போனார். அதற்குப் பிறகு எழுந்த சத்தம் எனக்குப் பழக்கமானது.

உள்ளே என்னை உட்காரவைத்த மர வாங்கில் இன்னொருவர் இருந்தார். வேலுசாமி, அட்டன் பக்கத்துக்காரர், சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை. பொலிஸ் பதிவு இல்லாததால் பிடித்து வைத்திருந்தார்கள். அவரிடம் கைக்கடிகாரம் இருந்தது.

“அண்ணே, எத்தினை மணி?”

“ஏழு அம்பது.”

மறுபடியும் மறுபடியும் கேட்டேன்.

“ஏழு அம்பதேதான். இதோட அஞ்சு தடவ கேட்டுட்டீங்க தங்கச்சி. கேட்டா முள்ளு நிக்குமா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அம்மா வந்துருவாங்களா?”

“வருவா.”

“இந்த டிராபிக்ல?”

“உங்களுக்கு எங்கட அம்மாவைத் தெரியாது.”

சொன்னபோது எனக்கே அழுகை வந்தது. வேனில் கண்ணை மூடிக்கொண்டு, “மெதுவா, மெதுவா,” என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். அன்று அந்த வாங்கில் இருந்தபடி, இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

ஏழு ஐம்பத்தாறுக்கு அந்தச் சத்தம் பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து கேட்டது. வர வர உயர்ந்து, திடீரென்று அடங்கியது. மணல்மூட்டை கண்ணில் பட்டிருக்கும். கடைசி நூறு மீற்றரும் இரண்டாம் கியரில், உள்விளக்கு எரிய, கண்ணாடி இறக்கியபடி வந்தார். அந்த நூறு மீற்றர்தான் அன்றைய நாளில் எனக்கு மிக நீண்டது.

அம்மாவின் சேலை முன்பக்கமெல்லாம் ஈரம். ஐயர் காலைப் பூவை வாளியில் கொட்டிவிட்டாராம். அம்மா வாளியைக் கோயில் வாசலில் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். அட்டையில் என் முகம் சந்தனத்துக்குள் மறைந்திருந்தது. கோர்ப்பரல் பெருவிரலால் அதைத் துடைத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போங்கள்,” என்றார்.

வேலுசாமி வாங்கில் இருந்தபடி கையை ஆட்டினார். நாங்கள் காலிமுகத்திடலை அடையும்போது எதிரே ஜீப் போனது.

நான் இப்போது வீதிப் பொறியியலாளர். வேக எல்லைகளை நிர்ணயிப்பது என் தொழில். கோயிலுக்கும் சாவடிக்கும் இடையே நான்கு கிலோமீற்றர். போக, வர எட்டு. பதினைந்து நிமிடத்தில் தேடிய நான்கைக் கழித்தால் பதினொன்று. சராசரி மணிக்கு நாற்பத்துநான்கு கிலோமீற்றர். காலை நெரிசலில் அந்த வீதியில் பதினைந்துகூடச் சிரமம். என் கீழ் வேலை செய்பவர் இந்த எண்ணைத் தந்தால், பிழை என்று திருப்பி அனுப்புவேன். அன்று அம்மா யாரையாவது மோதியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். மோதவில்லை. நான் படித்ததும், இந்தத் தொழிலில் இருப்பதும் அந்தப் பதினொரு நிமிடத்தால்தான். அம்மாவிடம் ஒருநாளும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் சொல்ல வாயெடுத்தேன். அவர் நித்திரையாக இருந்தார்.

எட்டு இருபத்தைந்துக்கு மண்டபத்துக்குள் போனேன். பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது வேன் அதே இடத்தில் நின்றது. அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தார்.

“எழுதினியா?”

“ஓம்.”

“அவசரப்பட்டு எடுத்தது நான்தான். என்ர பிழை.” ஸ்டியரிங்கிலிருந்து தலையை நிமிர்த்தினார். “அந்த மனுசனை ஏத்திக்கொண்டு போயிட்டாங்களோ?”

தெரியாது என்றேன். மறுநாள் அம்மா கோர்ப்பரலிடம் அதைக் கேட்பதற்காகவே கொள்ளுப்பிட்டி வரை போய்வந்தார். கடை முதலாளி வந்து கையெழுத்து வைத்து, மாலையே வேலுசாமியை அழைத்துப் போய்விட்டாராம்.

அடுத்த பாடம் இரண்டு நாள் கழித்து. “இனி ஆறு மணிக்கே வெளிக்கிடுவம்,” என்று அம்மா சத்தியம் செய்தார். வெளிக்கிட்டது ஏழேகாலுக்கு. அடையாள அட்டையை மட்டும் ஓர் உறையில் போட்டு, நூல் கோத்து, முதல்நாளே என் கழுத்தில் கட்டிவிட்டிருந்தார். பிள்ளையாரிடம் பேனை மட்டும் போனது.