கல்தூணும் மூன்று ஓட்டுநர்களும்

கார் கல்தூணில் மோதியதும் நான் செய்த காரியங்களை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். கைப்பிரேக்கை இழுத்தேன். என்ஜினை அணைத்தேன். திரும்பி, பின்சீட்டில் இருந்த அம்மாவிடம், "அடி ஏதும் பட்டுச்சாம்மா?" என்று கேட்டேன். மடியில் இருந்த திராட்சைக் கூடையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்த அம்மா, "எனக்கும் ஒண்ணுமில்ல, பழத்துக்கும் ஒண்ணுமில்ல. வண்டிக்கு என்ன ஆச்சுன்னு எறங்கிப் பாரு" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். இடது பின்விளக்கு நொறுங்கி மண்ணில் கிடந்தது. டிக்கிக் கதவு ஒரு தட்டு அளவுக்கு உள்ளே போயிருந்தது. பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. சுருளிப்பட்டியில் இருக்கும் மாமாவின் திராட்சைத் தோட்டத்தில் பந்தலைத் தாங்க நட்டிருந்த கல்தூண் மட்டும், எதுவுமே நடக்காதது போல் நின்றுகொண்டிருந்தது. தோட்டத்துப் பாதை குறுகல். வண்டியைத் திருப்ப இடமில்லாததால் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். வலது பக்கம் வாய்க்கால் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் இடது பக்கத்தைக் கோட்டைவிட்டேன்.

அப்போது நான் சென்னைக்குப் பக்கத்தில், கார்களுக்குப் பின்விளக்கு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பின்விளக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. ஒன்றை முழுதாக உடைத்துப் பார்த்தது அன்றுதான்.

அது 2009. எனக்கு இருபத்துநான்கு வயது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. விடுமுறைக்கு வந்தபோது, ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் மதுரையில் கிடைக்கிறது என்று தெரிந்து, மூன்று நாளைக்கு எடுத்துவிட்டேன். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் போட்ட கார். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மூன்றாவது கியருக்கு இறக்கி ஏறியபோது, யாரும் இல்லாத காருக்குள் நான் சத்தமாகச் சிரித்தேன். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் தெருவே வந்து நம்பர் பலகையைப் பார்த்தது. "இது எந்த ஊரு வண்டி, கேரளாவா?" என்றார் ஒருவர். "கேரளாவுல ஏது கறுப்பு போர்டு? இது கவர்மென்டு வண்டி" என்றார் இன்னொருவர். நான் திருத்தவில்லை. அரைமணி நேரம் கவர்மென்டாக இருந்தேன்.

வாடகை ஒப்பந்தம் நான்கு பக்கம். மதுரை அலுவலகத்தில் நின்றபடியே முழுவதும் படித்து, முக்கியமான மூன்று விதிகளை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். வண்டிக்குச் சேதம் வந்தால் அன்றே தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை பழுது நீக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும். வேறு யாராவது ஓட்டிச் சேதமானால் இன்சூரன்ஸ் கவர் கிடையாது, முழுச் செலவும் வாடகைக்கு எடுத்தவர் தலையில். ஒப்பந்தத்தில் இருந்தது என் பெயர் ஒன்றுதான். ஓட்டியதும் நான்தான். ஆகவே கல்தூணின் அருகே நின்றபோது எனக்குப் பயமே இல்லை. சின்னதாக ஒரு பங்கை நான் கட்டினால் போதும், மிச்சத்தை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். மாலை நேர வகுப்பில் எம்.இ. சேர்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரிதாகக் கை வைக்க வேண்டியிருக்காது.

காமிராவை எடுத்துப் பின்பக்கம், இடப்பக்கம், தூண், சக்கரத் தடம் என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார். மாமா அம்மாவின் அண்ணன். ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு. சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் வரை அவரைத் தெரியாதவர்கள் குறைவு. என்னை மேலும் கீழும் பார்த்து அடி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "அல்லா காப்பாத்துனான்" என்றார். காரைப் பார்த்தார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வாடகை அலுவலகத்தின் போன் நம்பரைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கிணற்று மேட்டை நோக்கி நடந்தார். தோட்டத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்கும் ஒரே இடம் அந்த மேடுதான்.

ஐந்து நிமிடத்தில் திரும்பினார். முகத்தில் ஒரு வேலையை முடித்த நிறைவு.

"முடிச்சுட்டேன் தாயி."

"என்ன முடிச்சீக மாமா?"

"ஆபீசுக்குப் போனப் போட்டு, வண்டிய நான்தான் பின்னால எடுத்தேன், இடிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன். இனி உன் பேரே வராது. பொம்பளப்புள்ள பேரு அந்தப் பேப்பர்லயெல்லாம் ஏறக் கூடாது. நீ போயி மாமிகிட்ட டீயக் கேட்டுக் குடி."

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். வண்டி ஏதாவது கவிழ்ந்தால், இடித்தால், யார் ஓட்டியது என்பதை விட யார் பேரில் சொன்னால் தாங்கும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அங்கே இருப்பவர்களில் ஊரில் செல்வாக்கான ஆள் முன்னால் வந்து "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிடுவார். பக்கத்துத் தோட்டத்து மொபெட் வாய்க்காலில் விழுந்தபோது அதை ஓட்டியவர் மாமா. கூடலூர்ப் பாதையில் டிராக்டர் டிரெய்லர் சாய்ந்தபோது அதை ஓட்டியவரும் மாமாதான். இப்படிச் சொல்லியதை எல்லாம் கூட்டினால் கம்பம் பள்ளத்தாக்கிலேயே மோசமான ஓட்டுநர் அவர். உண்மையில் ஜீப்பும் டிராக்டரும் தவிர வேறெதையும் தொட்டதில்லை, ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

நான் கிணற்று மேட்டுக்கு ஓடினேன். போனை எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"மேடம், அக்ரிமென்ட்ல இல்லாத ஒருத்தர் ஓட்டினதா தகவல் வந்திருக்கு. அப்படின்னா கவர் கிடையாது மேடம்."

"ஓட்டினது நான். அவர் என் மாமா. எனக்காக அப்படிச் சொல்லிட்டார்."

"இப்ப எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்வாங்க. முதல்ல வந்த தகவலை ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. நாளைக் காலையில தேனியிலிருந்து சர்வேயர் வருவார். அவர் என்ன எழுதுறாரோ அதுதான். அதுவரைக்கும் வண்டியை அசைக்காதீங்க."

போனை வைத்ததும் மனக்கணக்குப் போட்டேன். முழுச் செலவு என்றால் எம்.இ. பணம் போய்விடும், அந்த வருடம் சேர முடியாது. ஆனால் பயத்துக்கு நடுவே ஒரு குறுகுறுப்பும் இருந்ததை மறைக்க மாட்டேன். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும்போது வருவது போன்றது. உண்மை என் பக்கம் இருக்கிறது. அதை ஒரு மூன்றாம் ஆள் ஏற்றுக்கொள்ளும்படி நிரூபிக்க வேண்டும். அதுதானே என் வேலையே!

கீழே வந்தபோது மாமா கம்பத்து டிங்கர் கடைக்குப் போன் பண்ண ஆள் அனுப்பத் தயாராக இருந்தார். "அவன் வந்து தட்டுனா ஒரு மணி நேரத்துல பழையபடி ஆகிரும்" என்றார். நான் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "யாரும் தொடக் கூடாது மாமா. நீங்க சொன்ன ஒரு வார்த்தையில என் படிப்புக்கு வச்சிருக்குற காசு போகப் போகுது" என்று விதியைப் படித்துக் காட்டினேன். மாமா கேட்டார். பிறகு, "பேப்பர்ல ஆயிரம் எழுதுவாக. நான் பேசிக்கிறேன்" என்றார். சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கம் இல்லாதவர். காரின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்தினேன். அன்று இரவு அம்மாவும் நானும் அங்கேயே தங்கிவிட்டோம்.

காலையில் சர்வேயர் பைக்கில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் காமிரா, தோளில் ரெக்சின் பை. அவருக்குக் கொஞ்சம் முன்னால்தான் உத்தமபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அத்தா வந்து சேர்ந்திருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

சர்வேயர் காரைச் சுற்றி வந்து படங்கள் எடுத்தார். கல்தூணின் உயரத்தையும் டிக்கியின் பள்ளத்தையும் டேப் வைத்து அளந்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, "யார் ஓட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றார் மாமா.

"அவுக ரெண்டு பேரும் இல்ல சார். நான்தான் ஓட்டுனேன்" என்றார் அத்தா.

சர்வேயர் பேனாவை மூடினார். "ஒரு வண்டி, ஒரு ஸ்டியரிங்கு, மூணு டிரைவரு. ஏன் பாய், ஆளுக்கு ஒரு சக்கரமா ஓட்டுனீங்க?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. அந்தக் காரில் ரிவர்ஸ் கியர் சாதாரணமாக விழாது. குமிழுக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை இரண்டு விரலால் மேலே தூக்கிக்கொண்டுதான் தள்ள வேண்டும். மதுரையில் எனக்கே அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார், மோதினது வண்டி பின்னால வரும்போது. என்ஜின் ஓட வேண்டாம். மூணு பேரையும் உட்கார வச்சு ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்க."

சர்வேயர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அட" என்றார். "சரி, பெரியவரு மொதல்ல."

அத்தா கதவு வரை வந்தார். அவர் லைசென்ஸ் ஸ்கூட்டருக்கு மட்டுமானது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்ப கடையில இருந்தேன் சார். புள்ள தனியா நிக்கிறாளேன்னு சொல்லிட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"நாணயமான ஆளு" என்றார் சர்வேயர். "அடுத்து நீங்க பாய்."

மாமா ஏறினார். ஏறினார் என்று சொல்ல முடியாது. சீட் என் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்தபடி இருந்தது. பாதி உடம்பு உள்ளே போனதுமே வயிறு ஸ்டியரிங்கில் அழுந்தி, ஹாரன் ஒலிக்க ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. பந்தலுக்குள் இருந்த குருவிகள் எல்லாம் பறந்தன. மாமா ஒலிக்கிற ஹாரனோடு கியரை இடது பக்கம் தள்ளி மேலே அழுத்தினார். முதல் கியர் விழுந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் முதல் கியர்.

"கியர் பாக்ஸ் போச்சுய்யா. இடிச்சதுல போயிருக்கு."

"இடிச்சது பின்னால பாய். கியர் பாக்ஸ் முன்னால இருக்கு."

மாமாவின் காது மடல் சிவந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் உற்சாகம் சட்டென்று இறங்கியது. என்னைக் காப்பாற்ற வந்த மனிதரை நான்கு பேர் முன்னால் நிறுத்திவிட்டேன். காரின் அருகே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "மாமா, நேத்து எனக்காகத்தானே சொன்னீக? இன்னைக்கு எனக்காகவே மாத்திச் சொல்லிருங்க. என் பேரு அந்தப் பேப்பர்ல ஏறினாத்தான் நான் படிக்க முடியும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். மெதுவாக வெளியே வந்தார். ஹாரன் நின்றது. வேட்டியைச் சரி செய்துகொண்டு, சர்வேயரிடம் போய் நின்றார்.

"எழுதிக்கய்யா. நான் ஓட்டல. என் மருமக புள்ளதான் ஓட்டுனா. நான் ஓட்டியிருந்தா இடிச்சிருக்கவும் மாட்டேன். அந்தத் தூண அங்கன நட்டவனே நான்தான்."

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தார். அதை அப்படியே ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். நட்ட விவரம் வேண்டாம் என்றார். மாமா அதையும் சேர்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் உட்கார்ந்தேன். வளையத்தைத் தூக்கி, ரிவர்ஸ் போட்டுக் காட்டினேன். படிவத்தில் 'விபத்தின்போது ஓட்டியவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுத, அவர் பேனாவை என்னிடமே தந்தார். எந்த மதிப்பெண் பட்டியலிலும் என் பெயரை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

கிணற்று மேட்டில் நின்று அவர் மதுரைக்குப் பேசினார். கீழே நாங்கள் நால்வரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆமா… அக்ரிமென்ட்ல இருக்குறவங்கதான்… ஸ்டேட்மென்ட் வாங்கியாச்சு…" போனை மடக்கிவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். "கவர் உண்டும்மா!" நான் வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டினேன். ஏன் தாண்டினேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பகலிலேயே ஓட்டிப் போய் அலுவலகத்தில் விட்டுவிடலாம் என்று சொன்ன சர்வேயர், உடைந்த விளக்கின் இடத்தில் ஒட்ட ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் கொடுத்துவிட்டுப் போனார். கழன்ற பம்பரைக் கயிற்றால் கட்டினேன். அத்தா மட்டும் தயங்கினார். "கம்பத்துல ஒரு டிரைவரச் சொல்லவா? பாதை வரைக்குமாவது எடுத்துத் தரட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார். "யாரும் தொடக் கூடாது மச்சான். அவ பேரு மட்டுந்தான் எழுதியிருக்கு. வேற ஒருத்தன் ஏறுனா கவரு போயிரும். வெவரம் தெரியாமப் பேசாதீக." என்னிடம் திரும்பினார். "பிஸ்மி சொல்லி எடு தாயி. தூணுகிட்ட நான் நிக்கிறேன்."

நான் வளையத்தைத் தூக்கினேன். இந்த முறை இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாமா தூணுக்கும் காருக்கும் நடுவே தன் உடம்பை வைத்துக்கொண்டு, "வரலாம், வரலாம், ஒடிக்காத, நேரா வா" என்று பின்னாலேயே நடந்து வந்தார். தூணைக் கடந்தாயிற்று. வாய்க்கால் முடிந்தது. கார் தார் ரோட்டில் ஏறியது.

மாமா ஜன்னலருகே வந்து மூச்சு வாங்கினார். "மதுரைக்குப் போனதும் போன் போடு. ஆபீசுக்காரன் ஏதும் கேட்டா நீயே பேசிக்க. நான் இனிமே யாருக்காகவும் வண்டி ஓட்டுறதா இல்ல."