பேய் வராத படம்

நேற்று மகள் டிவியில் ஒரு பேய்ப்படம் போட்டாள். பட்டணத்துக் குடும்பமொன்று மூட்டை முடிச்சோடு மலைக்காட்டு வீட்டுக்குக் குடிபோகிறது. கதவு கிரீச்சிடுகிறது, குழந்தை சுவரைப் பார்த்துப் பேசுகிறது. கடைசிவரை உட்கார்ந்து எனக்குக் கொட்டாவிதான் மிச்சம். "பயமே வரலையாம்மா?" என்றாள். அடி போடி, இதைவிட மட்டமான பேய்ப்படத்தை நம்பி உன் அம்மாச்சி மோசம் போன கதை தெரியுமா என்று வாய்வரை வந்தது. அவளுக்கு எங்கே நேரம்? உங்களிடம் சொல்கிறேன்.

பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மேலே பண்ணைக்காட்டிலிருந்து கடைக்கு வரும் மலைவாழைப்பழத்தை முகர்ந்து முகர்ந்தே அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அந்த வாசனை அப்படி. தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது. கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு, அங்கேயே ஒரு வாழைத்தோட்டம் வாங்கிவிட்டார். அம்மாவுக்கோ அடிவாரத்தை விட்டுப் போவதென்றால் உயிரே போகிற மாதிரி. அழுதாள், பட்டினி கிடந்தாள், ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டென்ட் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. மலைத்தோட்டத்துக்குக் குடிபோன குடும்பத்தைப் பேய் ஆட்டிவைக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா பேய்க்குப் பயந்து புளியமரத்தைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஏங்க, வெரசா கெளம்புங்க. அப்பிடி என்னதான் படம்னு பாத்துட்டு வந்துருவோம்."

நான் அப்பா மடியில். பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த அம்மா, திரையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் நன்றாகத்தான் நடுங்கிக்கொண்டிருந்தார். பாழாய்ப்போனவன், கதை எழுதினவன், கடைசியில் பேயின் போர்வையை உருவிவிட்டான். உள்ளே தோட்டத்துக் கணக்குப்பிள்ளை! கொட்டகையே சிரித்தது. அப்பா சிரித்தது கொஞ்சநஞ்சமல்ல. "பாத்தியாடி? மலையில பேயுமில்ல, பிசாசுமில்ல. நாளைக்கு வெள்ளனே மூட்டையக் கட்டு." அம்மா சேலை மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

போனோம். அட்டைக்கடி, மழை, மூடுபனி எல்லாம் இருந்தன, பேய் மட்டும் இல்லை. சில வருஷம் மரம் தாங்காமல் காய்த்தது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் சில வாழைகளின் இலைகள் விரியாமல், குட்டை குட்டையாக உச்சியில் கொத்தாக நின்றுவிட்டன. முடிக்கொத்து நோய். வந்தால் அந்த மரம் குலை தள்ளாது. கல்யாண வீட்டில் 'வாழையடி வாழையாய்' என்று வாழ்த்துகிறோமே, அதை அப்பா அப்படியே நம்பினார். "தாய்க்குத்தான் சீக்கு, கன்னு தப்பிச்சுரும்" என்று நோய்ப்பட்ட மரத்தின் பக்கக்கன்றையே தோண்டித் தோண்டி நட்டார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார்; வாழைக்கன்று கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கில்லை. நோய் கன்றுக்குள்ளேயே இருக்கிறதென்று விவசாய ஆபீசர் வந்து சொன்னபோது, எங்கள் தோட்டமும் கன்று வாங்கிப்போனவர்கள் தோட்டமுமாய்ச் சரிவு முழுக்க வாழை கொத்துக்கொத்தாய் நின்றது. "பூராவும் தோண்டி எரிச்சுருங்க. வேற வழியில்ல" என்றார். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? முருகனிடம் முட்டியும் பார்த்தோம்.

ஒரு சாயங்காலம் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "கீழ போயிருவோம்" என்றார். இத்தனை வருஷமாக அம்மா காத்துக் கிடந்த வார்த்தை. அதைக் கேட்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, ஐயோ. "இப்பிடிப் போட்டுட்டு எப்பிடிங்க எறங்குறது?"

இறங்கினோம். சித்தப்பா கடையில் அப்பா ஓரமாக உட்கார்ந்திருப்பார். பண்ணைக்காட்டு ஆள் யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அம்மாதான் ஓடிப்போய்க் கேட்பாள், "மேல மழ உண்டுமா?" சொன்னதை அப்பாவிடம் போய்ச் சொல்லுவாள். அவர் கேட்டுக்கொள்வார்.

இப்போது அந்தச் சரிவெல்லாம் காபியும் மிளகும். அப்பா போனார், அம்மாவும் போனாள். போன மாதம் பஸ்ஸில் பண்ணைக்காட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னையறியாமல் கேட்டுவிட்டேன், "மேல மழ உண்டுமா?"

"நல்ல மழைங்க" என்றார்.

போய்ச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.