துடக்கு வீட்டிலிருந்தும் குரல்

என் பேத்தி பிறந்து இன்று ஒன்பதாம் நாள். என்ன அழகு, என்ன சத்தம். வீட்டில் பிறப்புத் துடக்கு, தீட்டு நாட்கள். இருந்தாலும் காலையில் வட்ஸ்அப் குழுவில் குரல் போட்டுவிட்டேன். போடாவிட்டால் இராசேஸ்வரி சைக்கிளில் வந்து நிற்பாள்.

அவள் நானாட்டான் பக்கம் வயல் வேலை செய்கிறவள். போர் முடிந்து 2010இல் எங்களோடு மீளக் குடியேறியவள். புருசன் இன்னும் திரும்பவில்லை. அப்படி ஆளைத் தொலைத்த பத்தொன்பது வீட்டுக்காரரைச் சேர்த்து அவள்தான் குழு தொடங்கினாள். எங்களில் பலருக்கு எழுத வராது. அதனால் பேச்சு மட்டும். விடிந்ததும் அவள் ஒரு பிள்ளையார் பாட்டுப் பாடிப் போடுவாள். பிறகு ஒவ்வொருவரும் "இருக்கிறன்" என்று சொல்ல வேண்டும். மத்தியானம்வரை குரல் வராத வீட்டுக்கு யாராவது போவோம்.

"ஹம்சிகா, கோழி கூவி முட்டையும் போட்டிட்டுது. நீ எங்கையடி?" என்று பிந்துகிறவளைப் பகிடி விடுவாள்.

பாட்டு இருந்ததால் குழு எங்களுக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. துடக்குக்காரர் விலகி நிற்பார்கள்.

நிருஷாவின் புருசனும் காணாமல் போனவன்தான். மாமனாரோடு இருந்தாள். அவரும் இறந்த அன்று அவள் குரல் வந்தது.

"அக்கா, மாமா போயிட்டார். துடக்கு. முப்பத்தொண்டு நாள் கழிய வாறன்."

"ஓம் பிள்ளை, கழிச்சுப்போட்டு வா" என்றாள் இராசேஸ்வரி.

பத்தாம் நாள் நான் கேட்டேன்: "தனிய இருக்கிறாள். ஒருக்காப் பாப்பமே?"

"நான் விரதத்தில நிக்கிறன். கழியட்டும்."

நானும் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் நிருஷா தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

செத்த வீட்டில் இராசேஸ்வரி அழவில்லை. மறுநாள் பாட்டு வரவில்லை. பேச்சுத்தான் வந்தது.

"இனிப் பாட்டில்லை. துடக்கோ தீட்டோ, எல்லாரும் குரல் போடோணும்."

"சாமி குத்தம் வருமே அக்கா" என்றாள் ஹம்சிகா.

"வரட்டும். என்ர தலையில விழட்டும்."

எட்டுப் பேர் விலகினார்கள். முதலில் போனவள் ஹம்சிகா.

போன கிழமை ஹம்சிகாவின் தாய் இறந்தாள். வீட்டில் இனி அவள் ஒருத்திதான். எட்டாம் நாள் இராசேஸ்வரி போய் வாசல் படலையில் நின்று கூப்பிட்டாள். நானும் கூட நின்றேன். கதவு திறக்கவில்லை.

"நான்தான் உங்கட குறூப்பில இல்லையே. என்னத்துக்கு வாறியள்? போங்கோ."

"சாப்பிட்டியா?"

"போங்கோ அக்கா."

குரலில் பசி இல்லை, கோபம்தான் என்றாள் இராசேஸ்வரி. சைக்கிளைத் திருப்பினாள். அடுத்த நாளும் போனாள்.