நாலாம் கிளாஸ் மிஷின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். இரும்புப் பாகங்களின்மேல் எண் பொறிப்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு லேசர் மிஷின் வந்து இறங்கியது. அதன் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கைச் சீட்டு, முழுக்க ஆங்கிலத்தில்.

"இதைத் தமிழ்ல ரெண்டே வரியில எழுதிக் குடும்மா. தூரத்துல நின்னே படிக்கணும்" என்றார் சூப்பர்வைசர்.

சீட்டில் 'கிளாஸ் 4' என்றிருந்தது. என் அப்பா அரசு அலுவலகத்தில் பியூன். கிளாஸ் ஃபோர் ஊழியர் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு எல்லாருக்கும் கீழே என்றுதான் பொருள். லேசருக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். முதல் வகுப்புதான் பொல்லாதது, நாலாவது சாதுவாக இருக்கும். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

கதிர் நேராகவோ சிதறியோ கண்ணில் படக்கூடாது என்று சீட்டு சொன்னது. சிதறுவது என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. வரியும் நீண்டுகொண்டே போனது. விட்டுவிட்டேன். 'கதிரை நேராகப் பார்க்காதீர். கண்ணாடி அணியவும்.' பெயின்டர் சிவப்பில் எழுதி மாட்டினார். எழுத்து அழகு என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்த அழகு பெயின்டருடையது, எனக்குத்தான் பெருமையாக இருந்தது.

மிஷினை ஓட்டியவர் பாரூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர், அதுவரை லேத்தில் நின்றவர். ஒரு நாள் கேன்டீனில் தட்டைத் தொடாமல் வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"என்னங்ணா ஆச்சு?"

"தெரியலம்மா. எதைப் பாத்தாலும் பக்கத்துல கருப்பா ஒரு பொட்டு நிக்குது. கண்ணைக் கழுவினாலும் போவல."

"கண்ணாடி போடலையா?"

"அதைப் போட்டா நம்பரு விழுந்துச்சா இல்லையான்னே தெரியல. கழட்டிட்டு, மூடியைத் தொறந்து வெச்சு ஓரமா நின்னு பாத்தேன். நேரா பாக்கலம்மா. போர்டுல போட்டிருக்குதே."

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். ஆபீசுக்கு ஓடி, மிஷினோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வகுப்புகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். நாலாவதுதான் உச்சம். சொரசொரப்பான இரும்பில் பட்டுத் தெறிப்பதே கண்ணைச் சுட்டுவிடும். இந்த மிஷினின் கதிர் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். மிஷினை உடனே நிறுத்தினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, "அவன் கண்ணாடியைக் கழட்டினதுதான் தப்பு. நீ வாயைத் தொறக்காதே" என்றார். அதைக் கேட்டதும் ஒரு கணம் மனசு லேசாயிற்று. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் பாரூர்க்காரரையும் அவர் மனைவியையும் பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"போர்டை எழுதினது நான்தாண்ணா. ஓரமா நின்னு பாத்தாலும் ஆபத்துன்னு அதுல இருந்துச்சு. எனக்குப் புரியல, விட்டுட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் கேட்டார். "புரியலன்னா யாரையாச்சும் கேக்கறதுக்கு என்ன?"



ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டு அவரை உட்காரவைத்தார்கள். காத்திருந்த நேரமெல்லாம் நான் என் கண்களை ஒவ்வொன்றாக மூடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கன்னடத்தில் சொன்னதைப் பாரூர்க்காரரே மனைவிக்குத் தமிழில் சொன்னார். "உள்ள கொஞ்சூண்டு சுட்டிருக்குதாம். நடுவுல படல. இனிமே பெருசாவாது, ஆனா ஆறவும் ஆறாதாம்."

அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மிஷினைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள். மூடி திறந்தால் கதிர் நின்றுவிடும்படி செய்தார்கள். அவர் மனைவி அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அவர் பேசினார். வாரம் ஒரு தடவையாவது, "பொட்டு எப்படி இருக்குதுங்ணா?" என்று கேட்பேன்.

ஒரு நாள் ஸ்டோர் பில்லை என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். "நீ கேக்கறப்பதாம்மா அது ஞாபகத்துக்கு வருது. இனிமே கேக்காதே."

கேட்பதை நிறுத்தினேன். ஆனால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ப் படியிறங்கும்போதெல்லாம் டைப் அடிப்பதை விட்டுவிட்டு, கால் சரியாகப் படியில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.