நல்ல காலுக்கு எதற்குக் கட்டு

கல்லூரிக் கால்பந்து அணியின் பிசியோவான அவளை ஆட்டக்காரர்கள் ‘முட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கோச் போட்டுக்கொடுக்கும் நாற்காலியில் மருந்துப் பைதான் உட்கார்ந்திருக்கும். அவள் எல்லைக்கோட்டை ஒட்டி நடந்துகொண்டே இருப்பாள். பந்தைப் பார்க்க மாட்டாள், முட்டிகளைப் பார்ப்பாள். வீட்டில் கணவன், “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டால், “யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்பாள்.

“சரிதான், கோல் போட்டது யாருன்னு நான் பேப்பர்ல பாத்துக்கறேன்” என்பான் அவன்.

முன்பு ஆஸ்பத்திரியில் இருந்தாள். முட்டி ஜவ்வு கிழிந்து, அறுவை முடிந்து வருகிறவர்களை மறுபடி நடக்க வைக்கும் வேலை. எப்போதும் கிழிந்த பிறகுதான் அவள் முறை வந்தது. கிழிவதற்கு முன்னால் போய் நிற்க ஆசைப்பட்டு மைதானத்துக்கு வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே நிற்பவருக்கு நிம்மதி கிடையாது. நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி. நடக்காமல் போனதற்கு யார் சாட்சி?

கல்லூரியிடம் நச்சரித்து அணி முழுவதற்கும் பிரேஸ் வாங்கவைத்தவள் அவள்தான். முட்டியின் இருபுறமும் கீல் வைத்த கம்பி, மேலும் கீழும் இறுக்கும் பட்டைகள். பக்கவாட்டில் யாராவது இடித்தால் முட்டி உள்ளே மடங்காமல் கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான். அதற்கு மேல் அவள் சத்தியம் செய்ததில்லை. பையன்கள் பயிற்சியில் போட்டுக்கொள்வார்கள், போட்டியன்று கழற்றிவிடுவார்கள். படம் எடுக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றுகிறவர்களைப் போல.

இறுதிப் போட்டியன்று பின்வரிசைக்காரன் ‘தூண்’ முட்டியில் பிரேஸ் இல்லாமல் உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தான். போன மாதம் இடது முட்டி ஜவ்வு இழுத்துக்கொண்டு இப்போதுதான் ஆறியிருந்தவன். பிரேஸ் போட்டால்தான் ஆடலாம் என்பது அவள் விதித்த நிபந்தனை.

“எங்கடா அது?”

“பையில இருக்குக்கா.”

“பையா ஆடப்போகுது?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “பெரிய கிளப்புலேர்ந்து ஒருத்தர் ஆள் எடுக்க வந்திருக்காருக்கா. இதக் கட்டிட்டுப் போனா கெட்டுப்போன காலுன்னு முடிவு பண்ணிடுவாரு. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க.”

கோச்சிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வெளியே உட்காருவான். வாய்ப்பும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு மோதலில் முட்டி போகலாம். அவள் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். பிறகு பயிற்சி பிரேஸ்கள் இருந்த மூட்டையை அறைக்குள் இழுத்துவந்து கொட்டினாள்.

“எல்லாரும் போடுங்க. எல்லாரும் போட்டா எது அடிபட்ட காலுன்னு யாருக்குத் தெரியும்?”

வேகமாக ஓடும் ‘குருவி’ முகத்தைச் சுளித்தான். “ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா வீடே மாத்திரை முழுங்கணுமா? நல்ல காலுக்கு எதுக்குக்கா கட்டு?”

“நல்ல காலுக்குத்தான்டா இது. கெட்ட காலுக்கு ஆஸ்பத்திரி இருக்கு.”

“நான் ஓட முடியலன்னா?”

“என்னைத் திட்டிக்கோ.”

தூணைப் பார்த்துக்கொண்டே குருவி பட்டையை இழுத்தான். “எனக்கு நீ ஒரு கோல் கடன்டா.”

ஆட்டம் முழுக்க அவளுக்கு நெருப்பின்மேல் நிற்பதுபோல் இருந்தது. குருவி அரையடியில் ஒரு பந்தைத் தவறவிட்டு அவள் பக்கம் திரும்பி முறைத்தான். அது பிரேஸின் தவறா, அவன் தவறா? பின்பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் வழுக்கி, பக்கவாட்டில் குருவியின் முட்டிமேலேயே விழுந்தான். பார்த்திருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். குருவி எழுந்தான், காலை உதறினான், ஓடினான். கம்பி தாங்கியதா, கால் தாங்கியதா? அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. தூணும் இரண்டு மூன்று மோதல்களில் விழுந்து எழுந்தான். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

முடிந்ததும் கிளப்காரர் கோச்சோடு அவளிடம் வந்தார். “என்ன மேடம், டீமுக்கே முட்டி போச்சா?”

“போகாம இருக்கத்தான் சார்.”

“நல்லது. அந்தப் பின்வரிசைப் பையன், உயரமா இருக்கானே, அவன் கால் எப்படி?”

நாலடி தள்ளித் தூண் நின்றிருந்தான். அவன் முட்டியைப் பார்வையிலிருந்து மறைக்கத்தான் அவள் வழி செய்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை.

“இடது முட்டி ஜவ்வு ஒரு தடவை இழுத்துக்கிச்சு சார். ஆறிடுச்சு. நல்லா ஆடுவான். ஆனா இந்த பிரேஸ் இல்லாம ஆடவிடாதீங்க.”

அவர் தலையாட்டினார். “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தூண் புல்லில் உட்கார்ந்துவிட்டான். “அவ்வளவு பேரையும் கட்டவச்சு, கடைசியில நீங்களே சொல்லிட்டீங்களேக்கா.”

“கேட்டாருடா.”

“ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா அங்க போயி பிரேஸ் இல்லாமதான் நின்னிருப்ப.”

அவள் மண்டியிட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முட்டியைச் சுற்றி விரல்களால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள்.

“வீங்கியிருக்கா?” வேறெங்கோ பார்த்தபடி கேட்டான்.

“இல்ல.”

“அப்ப இனிமே பயமில்லையா?”

“அப்படி நான் சொல்லலடா. இன்னிக்கு வீங்கல.”

கையை எடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று வலது முட்டியையும் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள்.