அம்மாவிடம் தேறாத கடை

சுடுசோற்றின் சூட்டில் வாடிய வாழையிலையும், அதன்மேல் சுற்றிய பழைய பேப்பரும், ஓரத்தில் கசிந்த பருப்பும் கலந்து ஒரு மணம் வரும். பதுளையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் யார் மடியில் "சோத்துப் பார்சல்" இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அது எந்தக் கடைப் பார்சல் என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடியவள் என் அம்மா ஒருத்திதான்.

இலங்கை மலையகத்தில், ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்தெடுத்தாள், அப்பாவுக்கு நாங்கள் "ஸ்டோர்" என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் பதுளைக்கு இறங்கி, சாமான் வாங்கி, ஏதாவதொரு கடையில் மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு ஏறுவோம். மலிவான கடைதான், வேறு எங்கே போக? ஆனால் மலிவுச் சோறு என்றால் மட்டமான சோறு என்று நினைக்கிறவர்களுக்கு மலிவும் தெரியாது, சோறும் தெரியாது என்று அம்மா அடித்துச் சொல்வாள். நானும் இன்றுவரை அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தயாரில்லை.

"கை கழுவுற எடத்தப் பாரு, சமையக்கட்ட அவன் காட்டவே வேணாம்" என்பது அவளுடைய முதல் விதி. கடைக்குள் நுழைந்ததும் மேசையில் உட்காராமல் நேரே குழாயடிக்குப் போவாள். அங்கே முகம் சுளித்தால் அப்பாவும் நானும் பேசாமல் வெளியே வந்துவிட வேண்டியதுதான். அடுத்தது பருப்பு. "சோறு எவனும் போடுவான்டி. பருப்பு ரெண்டாந்தடவ கேளு. கரண்டி அடி வரைக்கும் போகுதா, மேலாப்புலயே நிக்குதான்னு பாரு" என்பாள். பஸ் டிரைவர்கள் கூடும் கடையில் சோறு நன்றாயிருக்கும் என்று ஊரே நம்பியபோது அவள் மட்டும் நம்பவில்லை; கொழும்புப் பாதையில் ஹல்துமுல்லைப் பக்கம் பஸ்ஸை நிறுத்தும் கடைகளில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு, "அவங்களுக்கு வேற சட்டிடி, நமக்கு வேற சட்டி" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அப்பா இதற்கெல்லாம் நேர் எதிர். எதைப் போட்டாலும் சாப்பிட்டு, கையை நக்கி, "பசி ருசி அறியாது புள்ள" என்று சிரிப்பார். "பசி அறியாட்டிப் போவுது, காசு குடுக்கிறவ அறியணும்ல?" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள். எவ்வளவு நல்ல சோறானாலும் "நல்லா இருக்கு" என்ற சொல் அவள் வாயில் வந்து நாங்கள் கேட்டதில்லை. முஸ்லிம் பெரியவர் ஒருவர் நடத்திய "நானா கடை" மட்டும்தான் அவளிடம் தேறிய கடை. அதற்கும் கிடைத்த மதிப்பெண் "பரவால்ல, திங்கலாம்". பஸ் நிலையத்து மூலையிலிருந்த கடைக்கோ, அதன் பருப்பைப் பார்த்து அவள் வைத்த பெயர் "மஞ்சத் தண்ணிக் கடை". அதன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், உள்ளே இழுத்துவிடுவார்கள் என்பதுபோல.

அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் எழும்பவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பிடித்ததை வாங்கிக் கொடுங்கள், சாப்பிடத் தொடங்கினால்தான் "டிக்கட் வெட்டி" வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தினமும் ஸ்டோரில் சொல்லிவிட்டு வந்து, நானா கடையில் பார்சல் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிப்போவார். அம்மா ஒரு வாய் வைப்பாள். "நல்லா இருக்கு" என்பாள். இலையை மூடிவிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்பா அந்தச் சொல்லைக் கேட்டு மகிழ்ந்துபோனார். நானோ குறை சொல்லாத அம்மாவை அதற்குமுன் பார்த்ததே இல்லை. அது என் அம்மாவே இல்லை என்றுதான் பட்டது. அவள் செத்துப்போய்விடுவாள் என்று பஸ்ஸில் அப்பாவுக்குத் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் தாமதித்து வந்து சேர்ந்தபோது நானா கடை ஜும்மாவுக்காகச் சாத்தியிருந்தது. பார்வையாளர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கொட்டும் மழையில் நனைந்தபடி ஓடி, கண்ணில் பட்ட முதல் கடையில் பார்சலைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கே வாங்கினார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, இது எந்தக் கட?"

"நானா கடதான் புள்ள" என்றார் அப்பா, எங்கோ பார்த்துக்கொண்டு.

"யாருகிட்ட? நானா இப்புடியா பருப்பு வப்பாரு? மஞ்சத் தண்ணிக்குத்தான போனீங்க?"

சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பருப்பா இது? கையில நிக்குதா பாருங்க" என்று இன்னொரு வாய். கிழங்கு வேகவில்லை என்று காட்ட ஒரு வாய். "சம்பல்ல தேங்கா எங்க? வெறும் மொளகாத் தூளு!" என்று அதற்கொரு வாய். போதாததற்குப் பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவுக்கும் ஓர் உருண்டையை நீட்டிச் சாட்சிக்கு அழைத்தாள். அவரும் வாயில் போட்டுக்கொண்டு, மொழி புரியாமலே முகத்தைச் சுளித்துத் தலையாட்டினார். "காச வாங்கிக்கிட்டு சீக்காளிக்கு இதையா கட்டிக் குடுப்பான்? இருங்க, நான் வெளிய வந்து கேக்குறேன் அவன."

"வா புள்ள, வந்து நல்லாக் கேளு" என்ற அப்பா, முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். இலையில் கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும்தான் மிஞ்சின.

டிக்கட் வெட்டிய அன்று, பஸ் ஏறுமுன் அவள் கேட்டே விட்டாள். கடை முதலாளி பயந்துபோய் அவளை உட்காரவைத்துப் பாலில்லாத "பிளேன்டி" கொடுத்தார். அதில் சீனி பத்தவில்லையாம்.

இப்போது அந்தக் கடை இருந்த மூலையில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். வாழையிலை போய் பொலித்தீன் லஞ்ச் ஷீட் வந்துவிட்டது. கரண்டியைப் பார்க்க வேண்டியவர்கள் தொலைபேசியில் படத்தைப் பார்த்துக் கடையைத் தேர்கிறார்கள், போகட்டும். அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகிவிட்டன. அம்மா என்னோடு பதுளையிலேயே இருக்கிறாள். இந்த மழைக்கு அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்து போனது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. போன வாரம் வேலை முடிந்து வரும்போது பார்சல் வாங்கிவந்து பிரித்து வைத்தேன். ஒரு வாய் வைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

மஞ்சத் தண்ணிக் கடை இருந்தால் மழையில் ஓடியிருப்பேன். அது இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சோற்றிலேயே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா நல்லா இருக்கு? பருப்பு தண்ணியா ஓடுது. கத்தரிக்கா எண்ணெயக் குடிச்சிருக்கு. பப்படம் நமத்துப் போச்சு. இதுக்கு ஒரு வெலயா?"

அம்மா பார்சலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, விரலால் ஓரத்துச் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சம்பல விட்டுட்டியேடி" என்றாள்.